முப்பத்தோராவது வரி

மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சுகந்தி அந்தத் தப்பை அனுப்பிவைத்தாள். தெரிந்தே செய்த தப்பு. நூற்றுப் பன்னிரண்டு வரி நிரலில் முப்பத்தோராவது வரி, அதில் ஒரு சதுர அடைப்புக்குறி திறக்கிறது, உடனே மூடுகிறது, நடுவில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான் தப்பு. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க வந்தவர்களில் பாதிப் பேர் முதல் வருடம் செய்து, சிரிப்புக்கு ஆளாகி, அப்புறம் வாழ்நாளில் செய்யாத தப்பு. அவளும் செய்து திருந்தியவள்தான். இன்று வேண்டுமென்றே, நன்றாக யோசித்து, மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே முடிவெடுத்து, கை ஈரம் காய்வதற்குள் வந்து உட்கார்ந்து போட்டாள். அந்த ஆபீசில் யார் எழுதிய நிரலும் இன்னொருவர் படித்துப் பச்சைக் குறி போடாமல் வெளியே போகாது. சுகந்தி எழுதுவதைப் படிக்கிறவர் மூன்று வருடமாகக் குலசேகரன். அவர் தூத்துக்குடியில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், இவள் கோயம்புத்தூரில் ஆபீசின் இரண்டாவது மாடியில். ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. இன்று அவருக்கு இந்த ஆபீசில் கடைசி நாள், ஐந்தரைக்கு அவருடைய ஆபீஸ் கணக்கை மூடிவிடுவார்கள். அதற்குள் அவர் அந்த வரியைப் பார்ப்பாரா, பார்க்காமல் பச்சையைத் தட்டிவிட்டுப் போய்விடுவாரா என்பதுதான் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பச்சை விழுந்தால் ஆறு மணிக்கு நிரல் தானாகவே வெளியே போய், நாற்பத்தோரு டயாலிசிஸ் மையங்களில் நோயாளிகளுக்கு நாள் குறிக்க ஆரம்பித்துவிடும். அதுவரை திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. இருக்கிறதே, பயமென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் இருந்தது.

திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி. காத்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் மாறும் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் மாறாது என்பது இத்தனை வருடத்தில் தெரியாதா என்ன, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் சிவப்பானது. அறுபது வரி எழுதியிருந்தாள், அதற்கு நாற்பத்திரண்டு குறிப்புகள். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் சின்னச் சின்னதாய், எல்லாம் சரி. நாற்பத்திரண்டுக்கும் கீழே ஒவ்வொன்றாய்ப் போய் சாரி சார், சாரி சார் என்று எழுதி முடித்தபோது விரல் வலித்தது. அரை மணி நேரம் கழித்து நாற்பத்து மூன்றாவதாக ஒரு குறிப்பு, தமிழில். 'மொத்தத்துக்கும் ஒரு சாரி போதும். இனிமே நாம தமிழ்ல பேசுவோம், ஒங்களுக்கும் எனக்கும் வேல மிச்சம்.' அன்று திட்டு வாங்கியதில் பெரிய திட்டு இதே வெற்று அடைப்புக்குறிக்குத்தான். ஒரு செயலை, அதாவது பெயர் வைத்த சின்ன நிரல்துண்டை, எழுதும்போது, பட்டியல் எதுவும் தராவிட்டால் காலிப் பட்டியலை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பைத்தான் அந்தக் காலிப் பட்டியலை ஒரே ஒரு தடவைதான் செய்யும். முதல் நோயாளிக்கு அதில் போட்டது அப்படியே கிடக்கும், இரண்டாவது நோயாளிக்கும் அதையே எடுத்து நீட்டும். அவளுக்குப் புரியவில்லை, மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவர் எழுதினார்: 'பந்தியில மொத ஆள் சாப்ட்ட எலய எடுக்காம, அதுலயே அடுத்த ஆளுக்குப் பரிமாறுறீங்க. எச்சில் எலை. ஆளுக்கு ஆள் புது எலை போடணும்.' படித்த நொடியில் புரிந்தது, குமட்டவும் செய்தது. அந்த வாரமே ஆபீஸ் முழுக்க அந்தத் தப்புக்கு எச்சில் இலை என்று பெயர் விழுந்துவிட்டது, புதிதாகச் சேரும் பெங்களூர்ப் பையன்கள்கூட எச்சி எலை, எச்சி எலை என்று சொல்லித் திரிகிறார்கள். அதைத்தான் இன்று எடுத்து முப்பத்தோராவது வரியில் போட்டிருக்கிறாள். தானாக ஓடுகிற சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. தேறத்தான் செய்யும், சோதனையில் ஒரு நோயாளிதானே, இரண்டாவது ஆள் உட்கார்ந்தால்தானே எச்சில் தெரியும்.

மூன்று நாற்பது. மஞ்சள். இதே மாடியில் ஜன்னல் ஓரத்தில்தான் எட்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லுங்க மேடம், எந்த ஊர் சென்டர் மேடம், திரையில என்ன காட்டுது மேடம். விலங்கியல் படித்த பெண்ணுக்கு அதுவே பெரிய வேலை என்றார்கள் வீட்டில். திரையில் சிவப்பாய் ஏதோ வருகிறது என்பார்கள், இவள் அதை எழுதி மேலே அனுப்புவாள், மேலே இருக்கிறவர்கள் ஏதோ செய்வார்கள், சிவப்பு போய்விடும். அந்த ஏதோ என்ன என்று தெரியாமல் எட்டு வருடம் இருந்ததுதான் அவளைக் குடைந்தது. சூலூரிலிருந்து வரும் பஸ்ஸில் போனில் பாடம் கேட்க ஆரம்பித்தாள். போகும்போது ஒரு பாடம், வரும்போது அதே பாடம். கம்ப்யூட்டர் வீட்டில் இல்லை, மகளின் பழைய ரஃப் நோட்டில் பென்சிலால் நிரல் எழுதினாள், எழுதியதைத் தானே கம்ப்யூட்டராகி வரி வரியாக ஓட்டிப் பார்த்தாள். வரிக்கு முன்னால் நான்கு இடம் விடணும் என்றால் நோட்டில் நான்கு புள்ளி வைத்துக்கொண்டாள். இடம் விடுவதையே இலக்கணமாக வைத்திருக்கும் மொழி உலகத்தில் வேறு உண்டா என்று அப்போது கோபம் வந்தது, இப்போது வேறு மொழி நிரலைப் பார்த்தால் அடைத்துக்கொண்டு மூச்சு முட்டுகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று புரிய ஒரு மாதம். பெயரைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் அகராதி புரிய இரண்டு நாள். ஒரு செயலையே இன்னொரு செயலின் கையில் தூக்கிக் கொடுக்கலாம் என்பது ஏழு மாதம் புரியாமல் இருந்து, கேஸ் ஏஜென்சி வரிசையில் நிற்கும்போது திடீரென்று புரிந்தது, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. என்னவென்று சொல்வது. பரீட்சை எழுதி, மாடி மாறாமல் நாற்காலி மட்டும் மாறி, நிரல் எழுதுகிறவர்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. சுற்றிலும் இருந்த பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு.

நாற்பத்திரண்டு குறிப்பு முப்பதாயிற்று, பதினைந்தாயிற்று. ஆரம்பத்தில் எல்லாம் தப்புகள். பெயர் சரியில்லை, 'இந்தப் பேர வச்சி யாருக்கு என்ன வெளங்கும், ஒங்க மகளுக்கு எக்ஸ்னு பேர் வச்சீங்களா?' ஒரே வேலையை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிழை வந்தால் பிடித்துவிட்டு, வெளியே சொல்லாமல் அங்கேயே அமுக்கிவிடுகிறீர்கள். இது தேவையில்லை, இதுவும் தேவையில்லை, இதை எதற்கு எழுதினீர்கள் என்று எனக்கல்ல, உங்களுக்காவது தெரியுமா. அப்புறம் தப்பு குறைந்து பேச்சு வந்தது. 'இதுக்கு இன்னொரு வழி இருக்கு, செய்யணும்னு இல்ல, சும்மா சொல்றேன்.' அந்தச் சும்மா சொல்றேன்களில்தான் அவள் உண்மையிலேயே மொழியைக் கற்றுக்கொண்டாள். சிவப்பாய் நீளமாய் வரும் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும் என்பதும், கடைசி வரியில் நோய், அதற்கு மேலே போகப்போக நோய் வந்த வழி என்பதும் அப்படி வந்தவைதான். ஒரு தடவை அவள் எழுதிய எட்டு வரியைப் பார்த்து, இது எனக்குத் தோன்றியிருக்காது என்று எழுதினார். அந்த வாக்கியத்தை அவள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள், யாருக்கும் காட்டியதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் மற்றவர்கள் கட்டைவிரல் படம் போடுவார்கள். அவர் ஒரு சொல் எழுதுவார், 'வாசிச்சேன்.' அவர் ஊர்ப்பக்கம் படிப்பதை அப்படித்தான் சொல்வார்களாம். பக்கத்து இருக்கை நந்திதா பொள்ளாச்சிக்காரி, முதல் தடவை பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, வீணையா வாசிச்சாரு?" என்று சிரித்தாள். சுகந்திக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தச் சொல்லுக்காகத்தான் வாரம் முழுக்க எழுதினாள். நன்று என்றால் நிரலைப் பற்றிய பேச்சு, சரி என்றால் வேலையைப் பற்றிய பேச்சு. வாசிச்சேன் என்றால், நீ எழுதியதன் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்று அர்த்தம். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். பதினைந்து குறிப்பு ஐந்தாயிற்று, ஒன்றாயிற்று, வெறும் வாசிச்சேன் ஆயிற்று. போன தீபாவளிக்கு அப்புறம் அந்தச் சொல்லும் நின்று, வெறும் பச்சைக் குறி மட்டும் வர ஆரம்பித்தது. அனுப்பிப் பத்து நிமிடத்தில் பச்சை, ஒரு தடவை நான்கே நிமிடத்தில். இருநூறு வரியை நான்கு நிமிடத்தில் யார் படிப்பார்கள்?

நன்றாகக் கற்றுக்கொண்டால் இதுதான் கூலி என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். தப்புச் செய்தவரைக்கும் ஆள் இருந்தார், தப்பு நின்றதும் ஆளும் போய்விட்டார். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். முப்பத்தெட்டு வயது, மகள் எட்டாம் வகுப்பு, மயில்சாமி மாதிரி புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும், கணபதியில் லேத் பட்டறையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சாப்பிட்டியா, கால் வலிக்குதா என்று கேட்கிற மனுஷன். கேட்பான், பதிலும் கேட்பான். ஆனால் அவள் நினைக்கிறது ஒன்று, அதை எப்படி அடுக்கினாள், எதை முதலில் வைத்தாள், எதை வேண்டாம் என்று எடுத்தாள், இதை ஒருத்தர் வரி வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தது இந்த ஒரே இடத்தில்தான். நீங்கள் இங்கே தயங்கியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை எழுதினார். ஆமாம், அந்த இடத்தில்தான் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. எப்படித் தெரிந்தது அவருக்கு? காதலா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது, கேமரா போடுகிற ஆளே இல்லை. இல்லை என்று சொல்லி முடித்த பிறகும் நெஞ்சில் ஏதோ பாக்கி நிற்கும். ஏங்கினாள், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் எதற்கு. அவர் எங்கே போகிறார், அடுத்து என்ன வேலை, எதுவும் அவள் கேட்கவில்லை. பதினைந்து நாளாகத் தெரியும், பதினைந்து நாளும் தினம் கேட்க நினைத்து, தினம் நிரலை மட்டும் அனுப்பினாள். போன வருடம் ஒருத்தர் வேலையை விட்டபோது நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கணக்கை மூடியதும் அவர் எழுதிய குறிப்புகளில் எல்லாம் பெயர் போய், சாம்பல் நிறத்தில் ஒரு தலை, பக்கத்தில் முன்னாள் பயனர் என்று இரண்டு சொல். எழுத்து இருக்கும், எழுதியவர் இருக்க மாட்டார். இன்று ஐந்தரைக்கு மூன்று வருடமும் அப்படி ஆகிவிடும்.

நான்கு பத்து. மஞ்சள்தான். உடுமலை மையத்தின் நர்ஸ் நினைவுக்கு வந்தாள், பெயர் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. ஹெட்போன் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குப் போன். "மேடம், ரெண்டு பேர்த்துக்கு ஒரே மெசினு, ஒரே டைமு போட்டிருக்குதுங்க. ரெண்டு பேரும் வந்து உக்காந்திருக்காங்க. ஒருத்தரு தாராபுரத்துல இருந்து முதல் பஸ்ஸுக்கு வந்திருக்காரு. நான் யாரைப் போகச் சொல்றதுங்க?" சுகந்தி அன்று எழுதி மேலே அனுப்பினாள். மேலே இருந்தவர்கள் மதியம் சரிசெய்தார்கள். காலை ஏழரைக்கும் மதியத்துக்கும் நடுவில் தாராபுரத்துக்காரர் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பார். யாரோ எழுதிய எதுவோ, என்று அன்று நினைத்தாள். அது எச்சில் இலையாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்கு அதையே கையால் அள்ளிப் போட்டிருக்கிறாள், எதற்கு, ஒரு மனுஷர் தன்னைப் படிக்கிறாரா என்று பார்க்க. வெட்கமாக இருந்தது. சுட்டியை எடுத்துத் திரும்பப் பெறு என்ற பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு நிமிடத்தில் வரியை மாற்றி அனுப்பிவிடலாம், அவர் பச்சை போட்டுவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான், அவர் படித்தாரா என்று சாகும்வரை தெரியாது. ஆறு மணி வரை நேரம் இருக்கிறது. ஐந்தரை வரைக்கும் பார்க்கலாம், ஐந்தரைக்குப் பச்சையாக இருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் எடுத்துவிடலாம். நடுவில் கரண்ட் போனால்? நெட் போனால்? தனக்கே மயக்கம் வந்து விழுந்தால்? விழுகிறவள் ஐந்து நாற்பதுக்குத்தான் விழுவாளா என்ன. போனில் ஐந்து முப்பத்தைந்துக்கு அலாரம் வைத்தாள். அலாரம் வைத்த பிறகும் கை பொத்தானை விட்டு வரவில்லை, அழுத்தவுமில்லை.

"அக்கா, கேக் வெட்டறாங்க, வாங்க" என்று நந்திதா தோளைத் தொட்டபோது தூக்கிவாரிப் போட்டது. "ஆளில்லாமயே வெட்டறாங்கக்கா, இந்தக் கூத்தப் பாக்க வேண்டாமா." மீட்டிங் அறையில் மேசைமேல் கேக், கேக்குக்கு எதிரே பெரிய திரை, திரையில் குலசேகரனின் பெயரின் முதலெழுத்து ஒரு வட்டத்துக்குள். கேமரா இன்றைக்கும் போடவில்லை. மேனேஜர் திருமூர்த்தி கத்தியை எடுத்துக்கொண்டு, சார் சார்பா நானே வெட்டறேனுங்க என்று வெட்டி, முதல் துண்டை வட்டத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். "நல்லா இருக்குங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவரே தின்றார். திரையிலிருந்து குரல் வந்தது. மூன்றாவது தடவையாக அந்தக் குரலைக் கேட்கிறாள், எழுத்தைவிடக் கொஞ்சம் வயதான குரல். "சீனி கொறச்சலு. எனக்கு டாக்டரு அதத்தான் சொல்லியிருக்காரு." சிரிப்பு. "சுகந்தி எங்கீங்க, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் திருமூர்த்தி, "சார்கிட்ட அதிகமா திட்டு வாங்கினது நீங்கதானே." அதற்கு வட்டம் சொன்னது: "அதெல்லாம் பழைய கத. ஒரு வருசமா அவுங்க அனுப்புறதுல எனக்கு வேலையே இல்ல. சும்மாதான் உக்காந்திருக்கேன்." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் படிக்கவில்லை என்றுதானே. பாராட்டாகவும் சொல்லியிருக்கலாம், அவர் பேச்சு அப்படித்தான், ஆனால் நான்கு நிமிடத்தில் விழுந்த பச்சை? அறை முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சார், நீங்க எங்க போறீங்க. சார், நீங்க போயிட்டா நான் எழுதறத யார் வாசிப்பா. சார், முப்பத்தொண்ணாவது வரியைப் பாருங்க. மூன்றும் வரிசையாக வந்து நின்றன. "தேங்க்ஸ் சார்" என்றாள். "நல்லதும்மா, நல்லா இருங்க" என்றார் அவர். அடுத்தவரைப் பேசச் சொன்னார்கள். கையில் கொடுத்த கேக்கைத் தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் பேப்பர் தட்டோடு தன் இடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்து பன்னிரண்டு. மஞ்சள். தட்டை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள், கிரீம் விரலில் ஒட்டியது, துடைத்தாள். இனி பார்க்கமாட்டார். கடைசி நாளில் யார் உட்கார்ந்து இன்னொருத்தியின் நூற்றுப் பன்னிரண்டு வரியைப் படிப்பார்கள், மூட்டை கட்டவே நேரம் போதாது. வீட்டில் இருக்கிறவருக்கு என்ன மூட்டை. மயில்சாமி ஒரு செய்தி அனுப்பியிருந்தான், வரும்போது தயிர். சரி என்று போட்டாள். நந்திதா ஏதோ கேட்டாள், ஒரு பட்டியலுக்குள் பட்டியல் ஏன் சேர்ந்து மாறுகிறது என்று, சுகந்தி திரையிலிருந்து கண்ணைத் திருப்பாமலேயே பதில் சொன்னாள், நகல் எடுக்கலை, அதே பட்டியலுக்கு ரெண்டு பேர் வெச்சிருக்கற என்றாள், சொன்ன பிறகுதான் இதே கேள்விக்குத் தான் ஒரு மாதம் அழுதது ஞாபகம் வந்தது. எப்போது இதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை. கற்கிறபோது ஒவ்வொன்றும் நோகிறது, கற்றது எப்போது என்று மட்டும் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஐந்து பத்தொன்பதுக்கு மஞ்சள் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டாள், பச்சையாக இருந்தால் பார்க்க வேண்டாம் என்றிருந்தது, பச்சையாக இருந்தால் உடனே பார்த்து எடுத்தாக வேண்டும் என்பதும் உறைத்தது, திறந்தாள். சிவப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு குறிப்போடு வந்த அதே சிவப்பு, இன்று பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. தாராபுரத்துக்காரர் தப்பித்தார் என்று நினைத்தாள். இரண்டு குறிப்புகள் இருந்தன. முதலாவது முப்பத்தோராவது வரியில்: 'எச்சில் எலை. ஆனா இது ஒங்க தப்பு இல்ல. நீங்க இதச் செஞ்சி ரெண்டு வருசம் எட்டு மாசம் ஆச்சு.' இரண்டாவது ஐம்பத்தெட்டாவது வரியில்: 'இதுதான் ஒங்க தப்பு.'

ஐம்பத்தெட்டா? அதில் அவள் எதையும் போடவில்லையே. கீழே இறங்கிப் பார்த்தாள். மையத்தின் விடுமுறைப் பட்டியலைப் படிக்கிற இடம். பட்டியல் கிடைக்காமல் பிழை வந்தால் அதைப் பிடித்துக்கொள், ஒன்றும் செய்யாதே, அடுத்த வேலைக்குப் போ என்று எழுதியிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை அவசரத்தில், ஒரு மையத்தால் மற்ற நாற்பதும் நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியது, அப்புறம் மாற்றலாம் என்று விட்டது, மறந்தே போனது. பட்டியல் இல்லாவிட்டால் மூடியிருக்கிற நாளிலும் நோயாளியை வரச் சொல்லும், யாருக்கும் தெரியாது, நிரலில் எந்தச் சிவப்பும் வராது, பூட்டின கதவுக்கு முன்னால் ஒருத்தர் வந்து நிற்பார். அவள் போட்ட தப்பைவிடப் பெரிய தப்பு, சத்தமே இல்லாத தப்பு. குறிப்பில் கீழே இன்னும் எழுதியிருந்தார். 'மொத நாள்லயே சொன்னேன், இன்னும் போகல. தப்பு நடந்தா வெளிய சொல்லாம அமுக்கிருதீங்க. மத்த எல்லாத்தையும் கத்துக்கிட்டீங்க, இது ஒண்ணுதான் பாக்கி. நடந்தது நடந்த எடத்துலயே சத்தமா சொல்லணும். அப்பதான் யாராச்சும் வந்து பாப்பாங்க.' நிரலைப் பற்றித்தான் எழுதியிருந்தார். வேறு எதைப் பற்றியும் இல்லை. அவள் அதை இரண்டு தடவை படித்தாள், அப்புறம் கண் மறைத்தது, நந்திதா பார்த்துவிடாமல் கேக் தட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். படித்திருக்கிறார். இன்று மட்டுமல்ல. இது உன் தப்பு, இது உன் தப்பில்லை என்று பிரித்துச் சொல்ல ஒருத்தர் எத்தனை நாள் படித்திருக்க வேண்டும். அந்த நான்கு நிமிடத்துப் பச்சையையும் அவர் படித்துத்தான் போட்டிருக்கிறார்.

ஐந்து இருபத்து நான்கு. குறிப்புக்குக் கீழே பதில் எழுதும் பெட்டி திறந்திருந்தது. அங்கே எழுதுவது அந்த அணியில் இருக்கிற பதினான்கு பேருக்கும் மெயிலில் போகும், திருமூர்த்திக்கும் போகும். சாரி சார், மாத்திடறேன் என்று எழுதினாள். விரலுக்குப் பழகின வாக்கியம். அழித்தாள். மாத்திடறேன் சார், மூணு வருஷம் ரொம்ப நன்றி என்று எழுதினாள். கேக் முன்னால் சொன்னதுதான் இதுவும். அழித்தாள். அப்புறம் வேகமாக, நடுவில் நிறுத்தினால் மறுபடி அழித்துவிடுவோம் என்ற பயத்தில் எழுதினாள். '31 வேணும்னே போட்டேன் சார். நீங்க இன்னும் வாசிக்கறீங்களான்னு எனக்குத் தெரியணும். இப்படிப் போட்டது தப்புதான். தீபாவளிக்கு அப்புறம் நீங்க ஒண்ணும் எழுதலை, வெறும் பச்சைதான். நீங்க எங்க போறீங்கன்னு கேக்கணும்னு பதினஞ்சு நாளா இருந்தேன். நான் எழுதறத இனிமே யாரும் உங்களை மாதிரி வாசிக்க மாட்டாங்க. அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.' அனுப்பினாள். மாடியில் ஆங்காங்கே மெயில் வந்த சத்தம் கேட்டது. நந்திதா தன் திரையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலை இவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். திருமூர்த்தியின் அறைக் கதவு திறக்கவில்லை. திறந்தால் திறக்கட்டும். ஐந்து இருபத்தாறு. ஐம்பத்தெட்டாவது வரிக்குப் போனாள், வெறுமனே விடுகிற இடத்தை அழித்துவிட்டு, பட்டியல் கிடைக்காவிட்டால் அந்த மையத்தை மட்டும் நிறுத்து, எந்த ஊர், எந்த நாள், என்ன நடந்தது, எல்லாவற்றையும் சிவப்பாக எழுது, பொறுப்பானவரைக் கூப்பிடு என்று எழுதினாள். நான்கு வரி பிடித்தது. முப்பத்தொன்றில் புது இலை போட்டாள். சரிபார்க்கிறபோதே திரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு வந்து விழுந்தது, ஐந்து இருபத்தொன்பது. திறந்தாள். அவளுடைய அந்தப் பதிலுக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது, 'வாசிச்சேன்.' பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இருந்த பெயர் சாம்பலானது.